உங்களுக்குத் தெரியுமா? உத்தரவு போட்டவர், கீழ்ப்படிந்தவர், முடியாது என்றவர்

ஏரியூருக்கு அரசு கலை அறிவியல் கல்லூரி வந்துவிட்டது. பென்னாகரத்துக்கும் தருமபுரிக்கும் பஸ் பிடித்து ஓடிய பிள்ளைகள் இப்போது சொந்த ஊரிலேயே பட்டப்படிப்பு படிக்கிறார்கள். ஹிட்லர், ஸ்டாலின், நெருக்கடி நிலை என்று பள்ளிப் பாடத்தில் ஆண்டுகளை மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். சர்வாதிகாரத்தையும் அரசியல் வன்முறையையும் ஆராய்ந்த வரலாற்று ஆசிரியர்களோ ஆண்டுகளோடு நிற்பதில்லை. உத்தரவு போட்டது யார், கீழ்ப்படிந்தது யார், முடியாது என்றது யார் என்று கேட்கிறார்கள். அந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, ஏரியூரின் பக்கத்திலிருந்தே தொடங்குவோம்.

பாப்பாரப்பட்டியில் ஓர் அரசியல் கைதி

சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கும் பாப்பாரப்பட்டியும் ஏரியூரைப் போலவே பென்னாகரம் வட்டம்தான். 1908-இல் ராஜதுரோக வழக்கில் வ.உ.சி.யோடு தண்டிக்கப்பட்டவர் சிவா. சிறையில் அவரைத் தொழுநோய் பிடித்தது. வெளியே வந்தபின், அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் போகவும் அரசு தடை விதித்தது. அவர் நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆசிரமம் அமைக்க முனைந்து, 1925 ஜூலை 23-இல் அங்கேயே உயிர்விட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுதான்.

இரண்டு ஆயுள் தண்டனை

அந்த வழக்கில் 1908 ஜூலை 7-இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி பின்ஹே, ராஜதுரோகத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு என்று வ.உ.சி.க்கு 40 ஆண்டு தீவாந்தர தண்டனை விதித்தார். சிவாவுக்கு 10 ஆண்டு. இருவர் மீதும் சாட்டப்பட்ட குற்றம் மேடையில் பேசியது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் பேச்சுக்கு இவ்வளவு அஞ்சிய அரசு எப்படிப்பட்டது என்பதை அந்த 40 என்ற எண்ணே இன்றும் சொல்கிறது.

திருநெல்வேலியில் நாலு பிணம்

இருவரும் கைதான மறுநாள், 1908 மார்ச் 13-இல், திருநெல்வேலி கொதித்தெழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன. நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். இந்த எழுச்சியையும் அதில் இறங்கிய சாதாரண மக்களையும் ஆராய்ந்து வரலாற்று ஆசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலுக்கு 2024-க்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பள்ளி வயதிலேயே வ.உ.சி.யைத் தேடத் தொடங்கியவர் அவர். ‘வ.உ.சி. கடிதங்கள்’ தொகுப்பை 1984-இல் வெளியிட்டபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

சட்டைப் பையில் இருந்த கடிதம்

1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவரிடம் ஒரு கடிதம் கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டையும் சனாதன தர்மத்தைக் காப்பதையும் அது பேசுகிறது. அந்நிய ஆட்சியின் மீதான கோபம் எவ்வளவு, சாதி, சமயப் பிடிப்பு எவ்வளவு என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அந்தக் கடிதத்தில் தமக்கு வசதியான வரிகளை மட்டும் வாசிப்பவர் வரலாறு எழுதவில்லை, கட்சி கட்டுகிறார். பிடித்த வரியையும் பிடிக்காத வரியையும் சேர்த்தே வாசகர் முன் வைப்பதுதான் நேர்மை.

நாடற்றவர் எழுதிய நூல்

சர்வாதிகார ஆட்சியின் மூலங்களை ஆராய்ந்து ஹன்னா அரெண்ட் எழுதிய பெரிய நூல் 1951-இல் வெளியானது. ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண் அவர். 1933-இல் நாட்டைவிட்டுத் தப்பியவர், எந்த நாட்டின் குடிமகளாகவும் இல்லாமல் பல ஆண்டுகள் கழித்து, நூல் வந்த அதே ஆண்டில்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். குடியுரிமை பறிக்கப்பட்ட மனிதருக்கு மனித உரிமை என்று ஒன்று மிஞ்சுகிறதா என்ற அவருடைய கேள்வி பட்டறிவிலிருந்து பிறந்தது. மலையகத் தமிழர்கள் 1948-க்குப் பின் இலங்கையில் குடியுரிமை இழந்து நின்றதை அறிந்த நமக்கு அந்தக் கேள்வி அந்நியமானது அல்ல.

சாவுக்குப் போக டிக்கெட்

யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிச் சென்ற ரயில்களுக்கு ஜெர்மன் ரயில்வே கட்டணம் வசூலித்தது. பத்து வயதுக்குக் கீழ் அரை டிக்கெட், நாலு வயதுக்குக் கீழ் இலவசம். கூட்டமாகப் போனால் சலுகை. கைதிகளுக்குப் போகும் வழிக்கு மட்டும் கணக்கு, காவலுக்குப் போனவர்களுக்குத் திரும்பும் வழிக்கும் சேர்த்து. ரயில்வேயின் காகிதங்களைத் தோண்டி இதை வெளிக்கொண்டு வந்தவர் ரவுல் ஹில்பெர்க். யூத இனப்படுகொலை பற்றிய அவருடைய பெருநூலைப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1961-இல்தான் அது அச்சேறியது. கால அட்டவணை போட்ட குமாஸ்தா யாரையும் கையால் தொட்டதில்லை. அவர் போட்ட அட்டவணை இல்லாமல் ஒரு ரயிலும் நகர்ந்திருக்காது.

மருத்துவமனையில் தொடங்கிய கொலை

நாஜிகள் பெருங்கூட்டமாக நச்சுவாயு செலுத்திக் கொல்லத் தொடங்கியது தங்கள் நாட்டு நோயாளிகளைத்தான். மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளுமாக 1941 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 70,000 பேர் கொல்லப்பட்டார்கள். பெற்றோருக்கு வேறேதோ நோயால் இறந்ததாகப் பொய்க் கடிதம் போனது. இதை ஆராய்ந்து 1994-இல் நூல் எழுதியவர் பிரிட்டிஷ் வரலாற்று ஆசிரியர் மைக்கேல் பர்லி. மருத்துவரும் செவிலியரும் எப்படி இதற்கு உடன்பட்டார்கள் என்பதுதான் அந்த நூலின் முள். நாஜி ஆட்சியை ஓர் அரசியல் மதமாகவே பார்த்து அவர் எழுதிய முழு வரலாறு 2001-இல் சாமுவேல் ஜான்சன் பரிசு பெற்றது. இரண்டாம் உலகப்போரின் அறக் கேள்விகளுக்கென்றே 2010-இல் தனி நூலும் எழுதினார்.

ஒரு பிரசங்கத்தின் பலம்

அந்தக் கொலைகளை எதிர்த்து 1941 ஆகஸ்ட் 3-இல் மூன்ஸ்டர் நகரப் பிஷப் கிளெமென்ஸ் ஃபான் காலென் தேவாலயத்திலேயே வெளிப்படையாகப் பேசினார். உழைக்க முடியாதவரைக் கொல்லலாம் என்றால் நாளை முதுமை அடையும் எல்லோரையும் கொல்லலாமே என்று கேட்டார். பிரசங்கத்தின் நகல்கள் கைமாறி நாடெங்கும் பரவின. மூன்று வாரத்தில் அந்தத் திட்டத்தை நிறுத்துமாறு ஹிட்லர் சொல்ல வேண்டியதாயிற்று. கொலைகள் பிறகும் மறைவில் தொடர்ந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும், எதிர்த்துப் பேசி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்று வாரம் ஒரு பதில்.

விலகி நின்ற பன்னிரண்டு பேர்

1942 ஜூலை 13. போலந்தின் யூசெஃபூஃப் கிராமம். ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101-ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியனின் தலைவர் டிராப், யூதப் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சுடும் உத்தரவைக் கண்ணீரோடு அறிவித்தார். முடியாது என்று நினைக்கும் வயதில் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஐந்நூறு பேர் கொண்ட படையில் அப்போதே முன்வந்து விலகியவர்கள் ஏறத்தாழ பன்னிரண்டு பேர். மாலைக்குள் சுமார் 1,500 பேர் சுடப்பட்டார்கள். சுட்டவர்களில் பெரும்பாலோர் குடும்பம் குட்டியுள்ள நடுத்தர வயதுக்காரர்கள்.

தண்டிக்கப்படாத மறுப்பு

அந்தப் பட்டாலியனைப் பற்றி கிறிஸ்டோபர் பிரவுனிங் எழுதிய நூல் 1992-இல் வெளிவந்தது. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் நடந்த விசாரணை வாக்குமூலங்களே அதன் ஆதாரம். நிராயுதபாணிகளைச் சுட மறுத்த குற்றத்துக்காக யாரும் கடுந்தண்டனை அடைந்ததாகச் சான்றில்லை என்று அவர் காட்டினார். பெரும்பாலோரைச் சுட வைத்தது உயிர்ப்பயம் அல்ல, கூட்டாளிகள் முன் கோழையாகத் தெரிவோமே என்ற கூச்சமும் பதவி ஆசையும் பழக்கமும்தான். அதே வாக்குமூலங்களைப் படித்த டேனியல் கோல்ட்ஹாகன், ஆழ வேரோடிய யூத வெறுப்புதான் காரணம் என்று 1996-இல் மறுத்து எழுதினார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

கொலைக்கும் இலக்கு எண்

1937 ஜூலையில் சோவியத் ரகசியப் போலீஸ் 00447 என்ற எண்ணிட்ட உத்தரவைப் பிறப்பித்தது. எந்தப் பகுதியில் எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் எண் குறிக்கப்பட்டிருந்தது. ஒதுக்கிய எண் போதவில்லை என்று கேட்டு எழுதிய அதிகாரிகளும் உண்டு. 1937, 1938 இரண்டே ஆண்டில் மரண தண்டனைக்கு உள்ளானவர்கள் 6,81,692 பேர் என்று சோவியத் ஆவணங்களே சொல்கின்றன. அந்தக் காலத்தைப் பற்றி 1968-இலேயே பெருநூல் எழுதிய ராபர்ட் கான்குவெஸ்டுக்கு இந்த ஆவணங்கள் அப்போது கிடைக்கவில்லை. தப்பி வந்தவர்களின் எழுத்துகளையும் வெளிவந்த செய்திகளையும் வைத்தே எழுதினார்.

நினைவுக்குப் பூட்டு

ஸ்டாலின் காலப் பலிகளின் பெயர்களைத் திரட்டி வந்த ‘மெமோரியல்’ அமைப்பைக் கலைக்குமாறு ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. மறு ஆண்டே அதற்கு அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நால்வருக்கு எதிராக ஒருவர்

நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றி அடைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மாறுபட்டவர் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றாலுமா வழியில்லை என்று வாதத்தின்போது அவர் கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்று அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு அவரைத் தாண்டி இளையவருக்குத் தலைமை நீதிபதி பதவி போனது. கன்னா ராஜினாமா செய்தார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே அறிவித்தது. அப்படி எழுதிய டி.ஒய். சந்திரசூட்டின் தந்தை, 1976-இல் பெரும்பான்மைப் பக்கம் நின்ற நால்வரில் ஒருவர்.

சென்னைச் சிறையில் விழுந்த அடி

1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் அக்கட்சியினர் பலர் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டு, அங்கே கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு சிறைவாசத்தின்போதே 1977 ஜனவரியில் உயிரிழந்தார். அவர் எழுதிவைத்த சிறைக் குறிப்புகள் பின்னர் நூலாயின. சிறைக் கொடுமையை விசாரிக்க அமைந்த ஆணையத்தின் நீதிபதி மு.மு. இஸ்மாயில். கம்பராமாயண அறிஞராகத் தமிழ் மேடைகள் கொண்டாடிய அதே இஸ்மாயில்தான்.

காணாமல்போன அறிக்கை

நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையம் 1978-இல் மூன்று பகுதிகளாக அறிக்கை தந்தது. அந்த இருபத்தோரு மாதங்களில் காவலில் வைக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று அது பதிவு செய்தது. ஆட்சி மாறியபின் அதன் படிகள் கண்ணில் படாமல் போயின. தம்மிடம் இருந்த படியைக் காப்பாற்றி வைத்திருந்து, 2010-இல் மறுபடி அச்சேற்றியவர் தமிழகத்தின் மூத்த நாடாளுமன்றவாதி இரா. செழியன். ஒருவர் தம் அலமாரியில் பாதுகாத்த தாள்கள் இன்று ஒரு நாட்டின் சாட்சியமாக நிற்கின்றன.

எல்லாத் துப்பாக்கிகளையும் எழுதியவர்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜனி திராணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோருடன் சேர்ந்து ‘முறிந்த பனை’ நூலை எழுதினார். இலங்கை ராணுவம், இந்திய அமைதிப்படை, தமிழ் ஆயுத இயக்கங்கள் என்று மக்களைக் கொன்ற எவரையும் அந்த நூல் விட்டுவைக்கவில்லை. ஒரு காலத்தில் தாமே அந்த ஆயுத இயக்கங்களில் ஒன்றுக்குத் துணைநின்றவர் என்பதால் அவருடைய கேள்விகள் கூர்மையாக இருந்தன. 1989 செப்டம்பர் 21-இல் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 35. நம் தரப்பு செய்த கொலையையும் கொலை என்றே எழுதும் துணிவுக்குத் தமிழில் அவரைவிடப் பெரிய முன்னுதாரணம் எனக்குத் தெரியாது.

காவிரிக்கு அக்கரையில்

ஏரியூர்ப் பக்கத்து நாகமரையில் பரிசல் ஏறினால் அக்கரையில் பண்ணவாடி. அங்கிருந்து கொளத்தூர், பாலாறு என்று நீளும் வழி மாதேஸ்வரன் மலைக்குப் போகிறது. 1993 ஏப்ரல் 9-இல் பாலாற்றில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் காவலர், வனத்துறையினர், உடன் சென்றவர்கள் என 22 பேர் மாண்டார்கள். வீரப்பனைத் தேடிய கூட்டு அதிரடிப்படையிடம் சிக்கிய மலைக்கிராம மக்கள் பட்ட சித்திரவதை இன்னொரு கதை. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு அதை விசாரித்தது. அதன் பின்னர், 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. 22 பேருக்காக அழுபவர் 89 பேருக்காகவும் அழ முடியும். ஒரு கொடுமையைச் சொல்வதால் மற்றொன்று நியாயமாகிவிடாது.

வெறிபிடித்த கூட்டத்துக்குப் பொறுப்பு உண்டா?

2000 பிப்ரவரி 2. ஜெயலலிதாவுக்கு எதிராக வந்த தீர்ப்பைக் கண்டித்துக் கலவரம். தருமபுரி அருகே கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் சுற்றுலா வந்த பஸ்ஸுக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். மூவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2010-இல் உறுதிசெய்தது. அதே நீதிமன்றம் 2016-இல் அதை ஆயுளாகக் குறைத்தது. கூட்டத்தின் வெறியில் அறிவிழந்து செய்தது, இறந்தவர்கள் மீது தனிப்பகை இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் முக்கியமானது. தூக்கு வேண்டாம் என்பது நல்ல முடிவு. ஆனால் கூட்டத்தில் ஒருவராக நின்றால் குற்றத்தின் எடை குறையுமா? பிரவுனிங் ஹாம்பர்க் போலீஸ்காரர்களைப் பார்த்துக் கேட்டதும் இதைத்தான்.

வாச்சாத்தி: 1992 ஜூன் 20

பிரவுனிங்கின் நூல் வெளிவந்த அதே ஆண்டு. ஏரியூர் தருமபுரி மாவட்டத்தின் மேற்கு ஓரம் என்றால், அரூர் வட்டத்து வாச்சாத்தி கிழக்கே, சித்தேரி மலையடிவாரம். கடத்தல் சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 பேர் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகள் உடைக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, கிணறும் விட்டுவைக்கப்படவில்லை. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகிச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். நாட்டில் சர்வாதிகாரம் இல்லை. தேர்தல் நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த 269 பேரும் மாதச் சம்பளம் வாங்கிய சாதாரண அரசு ஊழியர்கள்.

முதலில் நம்பியவர்கள்

அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு சாதித்தபோது, தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஊர்மக்களின் சொல்லை நம்பி வழக்கை எடுத்துக்கொண்டன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி, நேரில் போய் விசாரித்து உண்மையை அறிக்கையாக எழுதினார். அவரும் ஓர் அரசு அதிகாரிதான். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

செப்டம்பர் 29, இரண்டு முறை

2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. 17 பேர் மீது பாலியல் வன்கொடுமை நிரூபணமானது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29-இல், தண்டனையை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய கலெக்டர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். கீழ்ப்படிந்தவரோடு நிற்காமல் மேலே இருந்தவரையும் கேட்ட தீர்ப்பு அது.

இந்தத் தீர்ப்பை எழுத வைத்தவர்கள்

முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே உண்மையைக் காவல் நிலையத்திலும் சி.பி.ஐ.யிடமும் நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்பச் சொன்ன பெண்கள்தான். யூசெஃபூஃப்பில் சுடப்பட்டவர்களுக்குச் சாட்சி சொல்ல வாய்ப்பில்லை. சுட்டவர்களின் வாக்குமூலத்திலிருந்தே பிரவுனிங் எழுத வேண்டியிருந்தது. வாச்சாத்தியின் வரலாற்றைப் பாதிக்கப்பட்டவர்களின் வாயிலிருந்தே எழுத முடியும். அந்தப் பெண்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது.

ஏரியூர்க் கல்லூரிப் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஹிட்லரைப் பற்றி எழுதும் அதே அக்கறையோடு உங்கள் மாவட்டத்தையும் எழுதுங்கள். அதிரடிப்படைக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் காவிரிக்கரை ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதித்தால் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். தேதியும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லப் பிடிக்காதவரை வற்புறுத்தாதீர்கள், பெயர் வேண்டாம் என்றால் பெயரை விடுங்கள். போலீஸ் தரப்பில் செத்தவரின் வீட்டுக்கும் போங்கள். நாளை உங்களில் பலர் அரசு வேலைக்குப் போவீர்கள், சிலர் காக்கி உடுத்துவீர்கள். தவறான ஓர் உத்தரவு உங்கள் கைக்கும் வரலாம். 215 பேர் தண்டிக்கப்பட்ட மாவட்டத்தில் படித்தவர்கள் நீங்கள். மேலிடம் சொன்னது என்ற பதிலை இந்த மாவட்ட நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதை அன்று மறக்காதீர்கள்.